கடினமான சுடோக்கு: ஊகிக்காமல் முடிக்கப் பழகிய கதை

நாளிதழ் சுடோக்குவில் 'எளிது' என்று போட்டிருப்பதை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறவர்கள்கூட 'கடினம்' என்று போட்டிருப்பதில் ஓர் இடத்தில் வந்து நின்றுவிடுவார்கள். முதல் பத்துப் பன்னிரண்டு எண்கள் மளமளவென்று விழும். அப்புறம் எதுவும் நகராது. எந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தாலும் இரண்டு எண் வரலாம், மூன்று எண் வரலாம் என்றே இருக்கும். அந்த நேரத்தில் சிலர் பேப்பரை மடித்து வைத்துவிடுவார்கள். சிலர் ஏதோ ஒரு கட்டத்தில் 3ஐப் போட்டுப் பார்ப்பார்கள். பாதி தூரம் போனதும் ஒரே வரிசையில் இரண்டு 8 வந்து நிற்கும். எது உறுதியாகப் போட்டது, எது குத்துமதிப்பாகப் போட்டது என்று தெரியாமல் மொத்தத்தையும் அழிக்க வேண்டியிருக்கும்.

நான் மடித்து வைக்கிற ரகம். ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை; மதிய இடைவேளையில் பேப்பர் கைக்கு வரும்போது சினிமாப் பக்கம் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள், சுடோக்கு மிச்சமிருக்கும். அப்படித்தான் பழக்கம். பக்கத்து மேஜையில் இருந்த அக்கா என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அவர் 'கடினம்' போட்டதை மட்டும்தான் எடுப்பார். அழிரப்பரை அவர் அதிகம் தொட்டது விடையாகப் பெரிதாக எழுதிய எண்களை அழிக்க அல்ல, கட்டத்தின் மூலையில் எழுதிய சின்ன எண்களை அழிக்க. அதைக் கவனித்த பிறகுதான் இந்த விளையாட்டில் எனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது என்று புரிந்தது.

எழுதுவதற்கு வசதியாகச் சில பெயர்களை முதலில் வைத்துக்கொள்கிறேன். 81 சிறிய சதுரங்களில் ஒவ்வொன்றும் ஒரு கட்டம். ஒன்பது கட்டம் சேர்ந்த 3×3 சதுரம் ஒரு பெட்டி. கிடையாகப் போவது வரிசை, மேலிருந்து கீழே போவது நெடுவரிசை. வரிசை, நெடுவரிசை, பெட்டி ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வர வேண்டும். வரிசையை மேலிருந்தும் நெடுவரிசையை இடமிருந்தும் எண்ணிக்கொள்ளுங்கள்.

அக்கா முதலில் திருத்தியது நான் கேட்கும் கேள்வியை. நான் ஒரு கட்டத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். "இந்தக் கட்டத்துல என்ன வரும்னு கேக்காதீங்க தம்பி. இந்தப் பெட்டில 6 எங்க உக்காரும்னு கேளுங்க" என்றார். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். செய்து பார்த்தால் இல்லை. ஒரு கட்டத்தில் 2, 4, 6, 9 என நான்கு எண் வர வாய்ப்பிருந்தால் அந்தக் கட்டத்தைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால் அதே பெட்டியின் மற்ற வெற்றுக் கட்டங்கள் எதிலும் 6 வர வழியில்லை என்றால், இது 6தான். மற்ற மூன்று எண்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். எளிய புதிர்களில் கட்டத்தைப் பார்ப்பதை விட எண்ணைப் பிடித்துக்கொண்டு போவது வேகம். கடினமான புதிர்களிலோ இந்த இரண்டாவது கேள்வி இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. பின்னால் வரும் எக்ஸ்-விங், ஸ்வார்ட்ஃபிஷ் என்ற பெரிய பெயர்களெல்லாம் இந்தக் கேள்வியை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வரிசைகளிடம் கேட்பதுதான்.

அடுத்தது பென்சில் குறிப்பு. இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு வெற்றுக் கட்டத்திலும் வரக்கூடிய எல்லா எண்களையும் எழுதுவது ஒன்று. மற்றது, 2007, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் உலக சுடோக்கு சாம்பியனான அமெரிக்கர் தாமஸ் ஸ்னைடரின் பெயரால் வழங்குவது: ஒரு பெட்டிக்குள் ஓர் எண்ணுக்கு இரண்டே இடம் இருந்தால் மட்டும் அந்த இரண்டு கட்டத்திலும் சின்னதாக எழுதுவது, மூன்று இடம் இருந்தால் எழுதாமல் விடுவது. இந்த முறையில் தாள் சுத்தமாக இருக்கும். இரண்டில் ஓர் இடம் அடைபட்ட அடுத்த நொடி மற்றது பெரிய எண்ணாகிவிடும். நான் ஸ்னைடர் முறையில் ஆரம்பித்து, அதில் எல்லாம் நின்றுபோன பிறகு முழுக் குறிப்புக்கு மாறுகிறேன். ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் எழுதினால் எறும்பு மொய்த்ததுபோல் ஆகிவிட்டு, எளிதாக விழ வேண்டிய எண்கள்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன.

எழுதும் இடமும் முக்கியம். போன் கீபேடில் எண்கள் எப்படி அடுக்கியிருக்கின்றனவோ அதேபோல் 1 எப்போதும் கட்டத்தின் இடது மேல் மூலை, 5 நடு, 9 வலது கீழ் மூலை. இப்படிப் பழகிவிட்டால் 4ஐத் தேடும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படிக்க வேண்டியதில்லை. இடது ஓரத்தின் நடுவை மட்டும் கண் ஓட்டினால் போதும். நாளிதழ்க் கட்டத்தில் ஒன்பது சின்ன எண்ணுக்கு இடம் போதாது. ஆபீஸில் ஒரு பக்கம் அச்சான ஏ4 தாளின் பின்பக்கம் பெரிதாகக் கோடு போட்டு அதில் எடுத்து எழுதிக்கொள்வோம். 2பி பென்சில் தேய்ந்து அப்பும், எச்பி அல்லது 0.5 மில்லிமீட்டர் லெட் பென்சில் நல்லது.

முழுக் குறிப்புக்கு வந்தபின் ஒரு கண்டிப்பு தேவை. ஒரு பெரிய எண்ணைப் போட்டதும் அந்தக் கட்டத்தோடு தொடர்புள்ள 20 கட்டங்களிலும் (வரிசையில் 8, நெடுவரிசையில் 8, பெட்டியில் மிச்சம் 4) அதை உடனே அடிக்க வேண்டும். ஒன்றை விட்டால் அடுத்த அரைமணி நேரம் இல்லாத ஒரு வாய்ப்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். நுட்பம் தெரிந்தும் கடினமான புதிரில் மாட்டிக்கொள்கிறவர்களை உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். முக்கால்வாசி நேரம் நுட்பத்தில் குறை இருக்காது. அடிக்காமல் விட்ட ஒரு சின்ன 7 எங்கேயோ ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்.

சரி, நுட்பங்களுக்கு வருவோம். முதலில் பழக வேண்டியது பெட்டிக்கும் வரிசைக்கும் இருக்கும் உறவு. இடது பக்க நடுப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 7க்கு இரண்டே இடம்: 5ஆம் வரிசையில் முதல் கட்டமும் மூன்றாம் கட்டமும். எந்தக் கட்டம் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எதுவாக இருந்தாலும் 5ஆம் வரிசையின் 7 இந்தப் பெட்டிக்குள் முடங்கிவிட்டது. ஆகவே 5ஆம் வரிசையில் வேறு எங்கும் 7 வராது. அதே வரிசையின் எட்டாம் கட்டத்தில் 2, 7 என்று எழுதியிருந்தால் 7ஐ அடித்துவிட்டு 2ஐப் பெரிதாக எழுதலாம். ஒரு 7 எங்கே என்று தெரியாமலே தொலைவில் ஒரு 2 கிடைத்துவிட்டது. எனக்கு இந்த விளையாட்டின் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். இது தலைகீழாகவும் நடக்கும்: ஒரு வரிசையில் ஓர் எண்ணின் எல்லா இடங்களும் ஒரே பெட்டிக்குள் இருந்தால், அந்தப் பெட்டியின் மற்ற இரண்டு வரிசைகளிலிருந்தும் அந்த எண்ணை அடிக்கலாம். தலைகீழ் வடிவம் கண்ணில் படப் பழக வேண்டும். எல்லோரும் பெட்டியிலிருந்து வரிசைக்குப் பார்ப்பார்கள், வரிசையிலிருந்து பெட்டிக்குப் பார்க்க மறந்துவிடுவார்கள்.

அடுத்து ஜோடிகள். 9ஆம் வரிசையில் ஐந்து கட்டம் காலி, வர வேண்டியவை 1, 3, 4, 6, 8 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் கட்டத்தில் 3, 8. எட்டாம் கட்டத்திலும் 3, 8. இந்த இரண்டு எண்ணும் இந்த இரண்டு கட்டத்தை எடுத்துக்கொண்டுவிடும், யாருக்கு எது என்பது பிறகு. மற்ற மூன்று கட்டங்களிலிருந்து 3, 8 இரண்டையும் அடித்துவிடலாம். இது வெளிப்படையான ஜோடி, எல்லோருக்கும் சீக்கிரம் பிடிபடும். பிடிபடாதது மறைந்த ஜோடி. 4ஆம் நெடுவரிசையில் ஆறு கட்டம் காலி. ஒன்றில் 1, 2, 5, 6. இன்னொன்றில் 1, 6, 8, 9. பார்த்தால் இரைச்சலாக இருக்கிறது. ஆனால் மற்ற நான்கு கட்டத்திலும் 1 இல்லை, 6 இல்லை. அப்படியானால் 1க்கும் 6க்கும் இந்த இரண்டைத் தவிர வீடே கிடையாது. 2, 5, 8, 9 வெளியே போக வேண்டியதுதான்.

இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, யாரும் எனக்குச் சொல்லாமல் வெகுநாள் கழித்துத்தான் பிடிபட்டது. வெளிப்படையான கூட்டும் மறைந்த கூட்டும் ஒரே செய்தியின் இரண்டு பக்கம். ஆறு காலிக் கட்டத்தில் இரண்டு எண் இரண்டு கட்டத்தில் மறைந்திருந்தால், மிச்சம் நான்கு கட்டமும் நான்கு எண்ணுக்குள் அடங்கியிருக்கும். மறைந்த ஜோடியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அதே வரிசையில் வெளிப்படையான நால்வரைத் தேடலாம். எது கண்ணில் பட்டாலும் அடிபடும் எண்கள் அவையேதான். அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம்: காலிக் கட்டம் நான்கு ஐந்துக்குள் இருந்தால் வெளிப்படையான கூட்டைத் தேடுவேன். ஆறுக்கு மேல் போனால் எண் எண்ணாக எடுத்து, இது எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணி மறைந்ததைத் தேடுவேன். கணிதப்படி இரண்டும் சமம், ஆனால் மனுஷக் கண்ணுக்குச் சமம் இல்லை.

நான் பார்த்தவரை நாளிதழில் 'கடினம்' என்று வரும் புதிர்களில் பெரும்பாலானவை இதுவரை சொன்னதிலேயே முடிந்துவிடும். இதைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் மிச்சம்.

எக்ஸ்-விங்கை முதல்முதலாக என் கண்ணால் பார்த்தது ஒரு மாதக் கடைசியில். வேலை முடியாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்த மாலை, டீ வரும்வரை எடுத்த புதிர் நின்றுபோயிருந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "4ஐ மட்டும் தனியா வரைஞ்சு பாருங்க" என்றார். தாளின் ஓரத்தில் ஒன்பதுக்கு ஒன்பது சின்னக் கட்டமாகக் கோடு போட்டு, 4 வரக்கூடிய இடத்திலெல்லாம் புள்ளி வைத்தேன். வேறு எந்த எண்ணும் கிடையாது, வெறும் புள்ளிகள். வைத்து முடித்ததும் தெரிந்தது: 2ஆம் வரிசையில் இரண்டே புள்ளி, 3ஆம் நெடுவரிசையிலும் 8ஆம் நெடுவரிசையிலும். 7ஆம் வரிசையிலும் இரண்டே புள்ளி. அதே 3, அதே 8. நான்கும் சேர்ந்து ஒரு செவ்வகத்தின் நான்கு மூலை.

"இப்ப மேல் வரிசைல 4 இடது பக்கம் வந்தா?" என்றார் அக்கா.

"கீழ் வரிசைல வலது பக்கம்தானுங்க வரணும்."

"வலது பக்கம் வந்தா?"

"கீழ இடது பக்கம்."

"எப்படி வந்தாலும் 3ஆவது நெடுவரிசைக்கு ஒரு 4, 8ஆவதுக்கு ஒரு 4 இந்த நாலு புள்ளிக்குள்ளயே கிடைச்சுருதல்ல? அப்புறம் அந்த ரெண்டு நெடுவரிசைல மத்த புள்ளியெல்லாம் எதுக்கு?"

5ஆம் வரிசையின் மூன்றாம் கட்டத்தில் 4, 9 என்று எழுதியிருந்தேன். 4 போனது, 9 நின்றது. 9ஆம் வரிசையின் எட்டாம் கட்டத்தில் இருந்த 1, 4, 6இல் 4 போய் 1, 6 ஆனது, அது ஏற்கெனவே வலது கீழ்ப் பெட்டியில் இருந்த இன்னொரு 1, 6உடன் ஜோடி சேர்ந்தது. அதன்பின் டீ வருவதற்குள் புதிர் முடிந்துவிட்டது.

அந்தப் புள்ளிப் படத்தை நான் இன்றுவரை விடவில்லை. முழுக் குறிப்பு எழுதிய தாளில் எக்ஸ்-விங்கைத் தேடுவது கஷ்டம், மற்ற எட்டு எண்ணும் குறுக்கே நிற்கும். ஓர் எண்ணை மட்டும் தனியாக வரைந்தால் வடிவம் தானாக மேலே வரும். எந்த எண்ணை வரைவது என்று கேட்டால், புதிரில் நான்கைந்து இடத்தில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும் எண்ணை. அதற்கும் அதிகம் போட்டிருந்தால் புள்ளி மிகக் குறைவாக இருக்கும், அடிக்க ஒன்றும் இருக்காது. குறைவாகப் போட்டிருந்தால் புள்ளிகள் அதிகமாகி வரிசைக்கு மூன்று நான்கு என்று நிற்கும்.

அதே புள்ளிப் படத்தில் இன்னொன்று கிடைக்கும், ஸ்கைஸ்க்ரேப்பர் என்பார்கள். செவ்வகத்தின் ஒரு பக்கம் நேராக இருக்கும், எதிர்ப்பக்கம் கோணலாக இருக்கும். 6க்கான படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2ஆம் நெடுவரிசையில் 6க்கு இரண்டே இடம், 9ஆம் வரிசையிலும் 3ஆம் வரிசையிலும். 6ஆம் நெடுவரிசையிலும் இரண்டே இடம், 9ஆம் வரிசையிலும் 1ஆம் வரிசையிலும். அடியில் இரண்டும் ஒரே வரிசையில் இருப்பதால் இரண்டும் 6 ஆக முடியாது. ஆக மேலே உள்ள இரண்டில் ஒன்றாவது 6. அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிற கட்டம், அதாவது இரண்டோடும் வரிசை, நெடுவரிசை, பெட்டி ஏதாவது ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் கட்டம், எதிலும் 6 இருக்க முடியாது: இங்கே முதல் வரிசையின் 1, 3ஆம் கட்டங்கள், மூன்றாம் வரிசையின் 4, 5ஆம் கட்டங்கள். என் அனுபவத்தில் எக்ஸ்-விங்கை விட இதுதான் அடிக்கடி அகப்படுகிறது. புத்தகங்களில் எக்ஸ்-விங்குக்குக் கிடைக்கும் மரியாதை இதற்குக் கிடைப்பதில்லை, ஏனென்று தெரியவில்லை. ஸ்வார்ட்ஃபிஷ்ஷைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எக்ஸ்-விங்கின் இரண்டு வரிசைக்குப் பதில் மூன்று, இரண்டு நெடுவரிசைக்குப் பதில் மூன்று. மூன்று வரிசையிலும் ஒன்பது புள்ளியும் இருந்தாக வேண்டும் என்றில்லை, அந்த மூன்று நெடுவரிசைக்குள் அடங்கியிருந்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ளாதவரை கண்ணுக்கே படாது.

இதற்கு மேல் போக, எண்ணை விட்டுவிட்டு மறுபடி கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டே எண் மிச்சமிருக்கும் கட்டங்கள்தான் இங்கே மூலதனம். நடுக்கட்டத்தில், அதாவது 5ஆம் வரிசை 5ஆம் நெடுவரிசையில், 3, 7. அதே வரிசையின் முதல் கட்டத்தில் 3, 9. அதே நெடுவரிசையின் இரண்டாம் கட்டத்தில் 7, 9. நடுவில் 3 வந்தால் இடது ஓரத்தில் 9. நடுவில் 7 வந்தால் மேலே 9. நடுவில் என்ன வந்தாலும் இரண்டு முனையில் ஒன்றில் 9 நிச்சயம். இரண்டு முனையும் பார்க்கும் கட்டம் 2ஆம் வரிசையின் முதல் கட்டம்; அங்கே 9 வரவே வராது. 2, 9 என்று எழுதியிருந்தால் 2 என்று போட்டுவிட்டுப் போகலாம். இதன் பெயர் எக்ஸ்ஒய்-விங். தேடும் முறை இதுதான்: இரண்டு எண் உள்ள கட்டங்களுக்கு மட்டும் ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் நின்று, அதன் இரண்டு எண்ணையும் ஒவ்வொன்றாகப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வட்டங்கள் கண்ணெதிரே இருக்கின்றனவா, அவற்றின் மூன்றாவது எண் ஒன்றேதானா என்று பாருங்கள். எட்டு பத்து வட்டம் இருக்கும் புதிரில் பெரும்பாலும் ஒன்றாவது அகப்படும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். '3 வந்தால்', '7 வந்தால்' என்று பார்ப்பதும் ஊகம்தானே? அப்படியானால் நேராக 3ஐப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமே? ஆபீஸில் இதை வைத்து நிறைய சண்டை நடந்திருக்கிறது. நான் எங்கே கோடு போடுகிறேன் என்றால், முரண்பாட்டுக்காகக் காத்திருப்பது ஊகம். 3ஐப் போட்டு, இருபது கட்டம் நிரப்பி, எங்கேயோ இடித்தால் '3 தப்பு' என்று தெரிந்துகொள்வதில் புதிரைப் பற்றி நாம் எதுவும் புரிந்துகொள்ளவில்லை. எக்ஸ்ஒய்-விங்கில் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற ஒன்றை எடுத்து வருகிறோம். தாளில் ஒன்றும் போட வேண்டியதில்லை, மனதிலேயே முடிந்துவிடும். இது என் ருசி, சட்டம் அல்ல. போட்டிகளில் ஊகித்துப் போடுவதற்குத் தடை ஏதும் இல்லை. விடை சரியா, எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. முதல் உலகப் போட்டி 2006இல் இத்தாலியின் லுக்கா நகரில் நடந்தது. 2017இல் நம் பெங்களூருவுக்கே வந்தது. அந்த மேஜைகளில் கடிகாரம் ஓடும்போது சரியான கட்டத்தைப் பார்த்து ஊகிப்பதும் ஒரு திறமை. மதிய இடைவேளையில் நமக்கு என்ன அவசரம்?

இன்னொரு சண்டை, ஒரே விடைதான் என்பதை ஆயுதமாக எடுக்கலாமா என்பது. முதல் வரிசையிலும் மூன்றாம் வரிசையிலும், 2ஆம் நெடுவரிசையும் 7ஆம் நெடுவரிசையும் சந்திக்கும் நான்கு கட்டம். மூன்றில் 2, 8 மட்டும். நான்காவதில் 2, 5, 8. நான்காவதிலும் 5 இல்லாவிட்டால் 2ஐயும் 8ஐயும் இடம் மாற்றி எழுதினாலும் வரிசை, நெடுவரிசை, பெட்டி எதுவும் கெடாது; புதிருக்கு இரண்டு விடை வந்துவிடும். முறையான சுடோக்குவுக்கு ஒரே விடைதான், ஆகவே அது 5. கணக்கு சரி. ஆனால் புதிர் அமைத்தவர் ஒழுங்காக அமைத்திருக்கிறார் என்ற நம்பிக்கையை ஆதாரமாக எடுத்துக்கொள்வது சிலருக்குப் பிடிக்காது. அக்காவுக்குப் பிடிக்காது. எனக்கு வெட்கமில்லை, கிடைத்தால் எடுத்துக்கொள்வேன்.

புதிரைத் தேர்ந்தெடுப்பதும் கற்றலில் ஒரு பகுதி. கொடுத்திருக்கும் எண்கள் குறைவாக இருந்தால் கடினம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே விடை வர வேண்டுமானால் குறைந்தது 17 எண் கொடுக்க வேண்டும், 16 கொடுத்து ஒரே விடை வரும் புதிர் கிடையாது என்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்வயர் குழு 2012இல் கணினியை வைத்து எல்லாவற்றையும் அலசிக் காட்டியது. ஆனால் அந்த 17 எண் புதிர்களில் பல, இந்தக் கட்டத்துக்கு ஒரே எண், இந்த எண்ணுக்கு ஒரே இடம் என்று பார்த்தே முடியக்கூடிய எளிய ரகம். பின்லாந்துக் கணிதர் ஆர்டோ இன்காலா 2012இல் வெளியிட்ட புகழ்பெற்ற கடினமான புதிரில் 21 எண் கொடுத்திருக்கும். நான் மேலே சொன்ன எதுவும் அதில் செல்லாது. அதைப் போட்டுக் கஷ்டப்படுவதால் புதிதாக ஒன்றும் படியாது என்பது என் கருத்து.

பழகுவதற்கு ஜப்பானின் நிகோலி நிறுவனத்துப் புதிர்கள் நல்லவை, மனிதர்கள் கையால் அமைப்பவை. இந்த விளையாட்டு அச்சில் முதலில் வந்தது 1979இல் அமெரிக்காவின் டெல் பத்திரிகையில். அமைத்தவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் என்பது பொதுவான முடிவு. 1984இல் ஜப்பானில் அதை எடுத்து வளர்த்தவர் நிகோலியின் மாகி காஜி. கொடுக்கும் எண்கள் சமச்சீராக அமைய வேண்டும் என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற நியூசிலாந்துக்காரர் வெய்ன் கூல்ட் ஆறு வருஷம் உட்கார்ந்து புதிர் உருவாக்கும் கணினி நிரல் எழுதி, 2004 நவம்பரில் லண்டனின் டைம்ஸ் நாளிதழில் இடம்பிடித்தார். நம் பேப்பர் வரைக்கும் வந்த வெள்ளம் அதுதான். கையால் அமைத்த புதிரில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று அமைத்தவருக்குத் தெரியும், அங்கே நம்மைக் கூட்டிக்கொண்டு போவார். நிரல் தரும் புதிரில் சில நேரம் சும்மா எட்டு ஒன்பது இடத்தில் சில்லறையாக அடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

செல்போன் செயலிகளில் சின்ன எண்களைத் தானாகவே நிரப்பும் வசதி உண்டு. முதல் சில மாதம் அதை அணைத்து வையுங்கள். கையால் எழுதும்போது பாதி நுட்பம் எழுதும் வேலையிலேயே கிடைத்துவிடும்: ஒரு பெட்டியில் 7 எங்கெங்கே வரும் என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டும் ஒரே வரிசையில் இருப்பது தெரிந்துவிடும். செயலி நிரப்பிக் கொடுத்தால் அந்த நொடி போய்விடும். எக்ஸ்-விங் தேடும் நிலைக்கு வந்த பிறகு அணைத்ததைத் திறந்துகொள்ளலாம், எழுதும் வேலை மிச்சம்.

நின்றுபோன புதிருக்கு இணையத்தில் உதவி இருக்கிறது. ஆண்ட்ரூ ஸ்டூவர்ட்டின் சுடோக்குவிக்கி தளத்திலோ ஹோடோக்கு என்ற இலவச மென்பொருளிலோ உங்கள் புதிரை ஏற்றினால் அடுத்த படி என்ன என்று காட்டும். முழுதாகப் பார்த்துவிட்டால் பிரயோஜனம் இல்லை. நான் நுட்பத்தின் பெயரை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுவேன். 'ஸ்கைஸ்க்ரேப்பர்' என்று மட்டும் தெரிந்தால், எந்த எண், எங்கே என்று தேடுவது நம் வேலை. இருக்கிறது என்று தெரிந்து தேடுவதும் இருக்கிறதா என்று தெரியாமல் தேடுவதும் வேறு வேறு உழைப்பு. முன்னதில் கண் பழகிவிட்டால் பின்னதும் கைவரும்.

கடைசியாக ஒன்று, நாளிதழ்ப் புதிருக்கு உதவாது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முடித்த சுடோக்கு ஏதாவது கையில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நடுப் பெட்டியைச் சுற்றி ஒட்டினாற்போல் ஒரு வளையம் இருக்கிறது, 16 கட்டம். நான்கு மூலையிலும் 2×2ஆக நான்கு சதுரம், அதுவும் மொத்தம் 16 கட்டம். வளையத்தில் இருக்கும் எண்களை எழுதுங்கள், மூலைகளில் இருக்கும் எண்களை எழுதுங்கள். வளையத்தில் மூன்று 5 இருந்தால் மூலைகளிலும் மூன்று 5. வளையத்தில் ஒரு 2கூட இல்லாவிட்டால் மூலைகளிலும் இல்லை. எந்தச் சுடோக்குவை எடுத்தாலும் இப்படித்தான். ஃபிஸ்டோமெஃபெல் என்ற புனைபெயரில் புதிர் அமைப்பவர் கண்டது, அவர் பெயராலேயே வளையம் என்கிறார்கள்.

காரணம் எளிது. 3ஆம் வரிசை, 7ஆம் வரிசை, இடது நடுப் பெட்டி, வலது நடுப் பெட்டி நான்கையும் ஒரு பக்கம் வையுங்கள். 1, 2, 8, 9 ஆகிய நான்கு நெடுவரிசைகளை இன்னொரு பக்கம் வையுங்கள். இரண்டு பக்கமும் 1 முதல் 9 வரை நான்கு முறை. இரண்டிலும் பொதுவாக இருக்கும் கட்டங்களை நீக்குங்கள். இந்தப் பக்கம் மிஞ்சுவது வளையம், அந்தப் பக்கம் மிஞ்சுவது நான்கு மூலை. சமமானதிலிருந்து ஒரே கட்டங்களை எடுத்தால் மிச்சமும் சமம்தானே. முதலில் சொன்ன 7 பெட்டிக்குள் முடங்கியதும் இதே கணக்குதான், சின்ன அளவில்.

அக்கா போன வருஷம் ஓய்வுபெற்றுக் கோபிசெட்டிபாளையத்துக்குப் போய்விட்டார். இந்த வளையத்தை வாட்ஸ்அப்பில் வரைந்து அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்தது: "நாலு பழைய பேப்பர்ல பாத்தேனுங்க தம்பி. சரியாத்தான் வருது. இதை வெச்சு ஒரு நம்பரைப் போட முடியுமா, அதைச் சொல்லுங்க."